மெசொப்பொத்தேமியர்களின் மறுவுலகத்தில் இருட்டும் புழுதியும் மட்டும்தானா?

கேள்வி: "செத்தவர்கள் எல்லாரும் இருட்டில் கிடந்து புழுதியைத் தின்பார்கள் என்று மெசொப்பொத்தேமியர்கள் நம்பினார்களாம். சொர்க்கம் இல்லை, மறுபிறவி இல்லை. இப்படி ஒரு மதத்தை வைத்துக்கொண்டு எப்படி வாழ்ந்தார்கள்?"

கேட்டவர் வீட்டில் சமீபத்தில் யாரோ தவறியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. வெறும் பொது அறிவுக்காகக் கேட்பவர்கள் "எப்படி வாழ்ந்தார்கள்" என்று கேட்க மாட்டார்கள். தவறாக ஊகித்திருந்தால் மன்னிக்கவும்.

நான் தொல்லியல் படித்தவன் இல்லை, வெல்டிங் மேற்பார்வையாளர். மெசொப்பொத்தேமியாவில், அதாவது பெரும்பாலும் இன்றைய ஈராக்கில், அந்தக் காலத்தில் களிமண் பலகையில் எழுதிய ஆப்பெழுத்து எனக்கு வாசிக்கத் தெரியாது. அறிஞர்கள் மொழிபெயர்த்ததைத்தான் பல வருடமாகத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். பிழை இருந்தால் திருத்துங்கள், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் "உனக்கு எதற்கு இதெல்லாம்" என்று மட்டும் கேட்காதீர்கள். எதற்கு என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில், நீங்கள் படித்தது பொய் இல்லை. கில்கமெஷ் என்ற மன்னனைப் பற்றிய காவியத்தின் ஏழாம் பலகையில், அவன் நண்பன் என்கிடு சாவதற்கு முன் ஒரு கனவு காண்கிறான். உள்ளே போனவர் திரும்பி வராத இருட்டு வீடு. அங்கே புழுதிதான் சோறு, களிமண்தான் ரொட்டி. இறந்தவர்கள் பறவைகளைப் போல இறகு உடுத்தியிருக்கிறார்கள். இஷ்தார் என்ற பெண் தெய்வம் பாதாளத்துக்கு இறங்கும் பாட்டிலும் கிட்டத்தட்ட இதே வரிகள் வருகின்றன. மேற்கோள் காட்டுகிறவர்கள் எல்லாரும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். அந்த மக்கள் இங்கே நிற்கவில்லை.

2012இல் தெற்கு ஈராக்கில் ஓர் எண்ணெய் வயல் முகாமில் வேலை பார்த்தேன். ஒரு வெள்ளிக்கிழமை விடுமுறையில், எங்கள் வண்டி ஓட்டும் பெரியவர் என்னையும் ஒரு மலையாளி நண்பரையும் நாசிரியாவுக்குப் பக்கத்தில் இருக்கும் உர் என்ற பழைய நகரத்துக்குக் கூட்டிப்போனார். வாசலில் காவலர் பாஸ்போர்ட் கேட்டார். எங்களிடம் ஜெராக்ஸ்தான் இருந்தது. அசலை ஒப்பந்தக்காரர் வந்த அன்றே வாங்கிப் பூட்டிவிட்டார். கேட்டால் "பத்திரமா இருக்கு, உனக்கு எதுக்கு" என்பார். ஒரு மனிதனின் பேரும் ஊரும் எழுதிய புத்தகத்தை இன்னொருவன் பூட்டி வைத்திருப்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்று அங்கே வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பெரியவர் அரபியில் ஏதோ கெஞ்சிப் பேசி உள்ளே விட வைத்தார்.

எதிரே அந்த ஜிகுராத். உர்-நம்மு என்ற மன்னர் கி.மு. 2100 வாக்கில் நிலாக் கடவுள் நன்னாவுக்காகக் கட்டத் தொடங்கிய மேடைக்கோயில், அறுபது மீட்டருக்கு மேல் நீளம். முன்பக்கப் படிகள் 1980களில் செப்பனிடப்பட்டவை. ஆனால் செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே கறுப்பாகக் கசிந்து நிற்கும் நிலக்கீல் பழையது. விரலால் தொட்டுப் பார்த்தேன். மதிய வெயிலில் லேசாக இளகியிருந்தது. எண்ணெய் வயலில் தினமும் முகரும் அதே வாசனை, நாலாயிரம் வருடத்துக்கு முந்திய சுவரில்.

எல்லாரும் அரச கல்லறைகளைப் பார்க்கத்தான் வருவார்களாம். லெனார்ட் வூலி என்ற ஆங்கிலேயத் தொல்லியலாளர் 1922 முதல் 1934 வரை தோண்டிய இடம். பூஆபி அரசியின் தங்க இலை மகுடம், காளைத்தலை வைத்த யாழ் என்று புத்தகங்களில் வருவதெல்லாம் அங்கே கிடைத்தவைதான். என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு இடம்: கோயிலுக்குத் தென்கிழக்கே, சாதாரண ஜனங்கள் கி.மு. 1800 வாக்கில் குடியிருந்த தெரு. ஆட்டோ நுழையாத சந்து, இரண்டு பக்கமும் செங்கல் வீடுகள், நடுவில் முற்றம். அங்கே சுற்றிக் காட்டியவர் ஒரு வீட்டின் பின்கட்டுக்குக் கூட்டிப்போய், "இது அவர்கள் சாமி அறை, இதற்குக் கீழே அவர்கள் பெரியவர்கள்" என்றார். தரைக்கு அடியில் வளைவுக் கூரை போட்ட கல்லறை. செத்தவர்களை ஊருக்கு வெளியே கொண்டுபோகவில்லை. தாங்கள் நடமாடும் தரைக்குக் கீழேயே வைத்துக்கொண்டார்கள்.

பிறகு சாமி அறையின் தரையைக் காட்டி, "சின்னக் குழந்தைகளை மண் சட்டியில் வைத்து இங்கேயே புதைத்தார்கள்" என்றார். மலையாளி நண்பர் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். நான் வெளியே வந்து சந்துச் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 2009இல் எங்கள் முதல் குழந்தை எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்துவிட்டது. பெண் குழந்தை. ஆஸ்பத்திரியில் வெள்ளைத் துணியில் சுற்றி, சலைன் பாட்டில் வந்த அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். மச்சான் வண்டி ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டு போனேன். சுடுகாட்டு ஓரத்தில் ஒரு வேலிக்காத்தான் மரத்தடியில் புதைத்தோம். பால் ஊற்றலாமா என்று கேட்டேன். "பேர் வைக்காத பிள்ளைக்குப் பாலும் இல்லை, திதியும் இல்லை, திரும்பிப் பார்க்காம வா" என்றார்கள். ஆஸ்பத்திரி கொடுத்த தாளிலும் குழந்தையின் பெயரை எழுத இடமே இல்லை. மூன்றாம் நாள் என் மனைவிக்குப் பால் கட்டிக்கொண்டது. அத்தை மல்லிகைப்பூவை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டார்கள். சேனை வைக்கவென்று அத்தை வாங்கி வைத்திருந்த தேன் பாட்டில் மூடி திறக்காமல் அலமாரியில் இருந்தது. யாரும் அதை எடுக்கவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை.

அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. மறந்துவிட்டால் நல்லது என்றுதான் அப்படிச் சொன்னார்கள். சாஸ்திரம் தெரிந்தவர்கள் இங்கே வந்து விளக்கம் சொல்ல வேண்டாம், எனக்கும் தெரியும்.

அன்று இரவு முகாமில் தூக்கம் வரவில்லை. அந்த ஜனங்கள் இறந்தவர்களைப் பற்றி என்னதான் நினைத்தார்கள் என்று தேட ஆரம்பித்தேன். உங்கள் கேள்விக்கான பதில் இங்கிருந்துதான் வருகிறது.

அவர்களுக்குக் கிஸ்பு என்று ஒரு வழக்கம் இருந்தது. மாதக் கடைசியில் நிலா மறையும் நாளில் குடும்பத்தார் இறந்தவர்களுக்குச் சோறு வைத்து, தண்ணீர் ஊற்றி, ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக் கூப்பிடுவார்கள். தண்ணீர் கீழே இறங்க மண்ணில் குழாய் பதிப்பதும் உண்டு. இதைச் செய்கிறவருக்கு அவர்கள் பேசிய அக்காதிய மொழியில் பாகிது என்று பெயர். 'பார்த்துக்கொள்கிறவர்' என்று அர்த்தம். 'பேர் சொல்லுகிறவர்' என்றும் சொல்வார்கள். நம்மில் 'பேர் சொல்ல ஒரு பிள்ளை' என்கிறோமே, அதுதான். பெரும்பாலும் மூத்த மகன் செய்வது. இது நின்றுபோனால் ஆவி பசியோடு அலையும். ஆகவே புழுதி தின்பது எல்லாருக்கும் எழுதிவைத்த விதி இல்லை. கீழே இருப்பவர் என்ன சாப்பிடுகிறார் என்பது மேலே இருப்பவர் கையில் இருந்தது. கடவுள் கொடுக்கும் சொர்க்கம் இல்லைதான். அந்த வேலையைக் குடும்பம் எடுத்துக்கொண்டது.

குடும்பமே இல்லாதவர்கள்? பாபிலோன் மன்னர் அம்மிசதூகா காலத்துக் களிமண் பலகை ஒன்று இருக்கிறது. ஹமுராபியின் வம்சத்தவர், கி.மு. 17ஆம் நூற்றாண்டு. அது கிஸ்பு அன்று கூப்பிட வேண்டிய முன்னோர்களின் பட்டியல். ராஜாக்கள் பெயர் வரிசையாக வருகிறது. கடைசியில் பார்த்தால், தன் எஜமானனுக்காகப் போரில் விழுந்த வீரன், இளவரசர்கள், இளவரசிகள், கிழக்கிலிருந்து மேற்கு வரை பார்த்துக்கொள்ள ஆளில்லாத எல்லா மனிதர்களும் என்று சொல்லி, "வாருங்கள், இதைச் சாப்பிடுங்கள், இதைக் குடியுங்கள்" என்று அழைக்கிறார்கள். ஒரு அரண்மனைச் சடங்கில் ஊர் பேர் தெரியாத அநாதைகளுக்கும் இலை போட்டிருக்கிறார்கள். இதை வைத்துக்கொண்டு நம்பிக்கையற்ற மதம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

அப்புறம், தெற்கு மெசொப்பொத்தேமியாவின் பழைய ஜனங்களான சுமேரியரின் பாட்டு ஒன்று. கில்கமெஷ் காவியத்தை விடப் பழையது. நிப்பூர், உர் நகரங்களில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட பையன்கள் பாடமாக எழுதிப் பழகிய பலகைகளில் இது நமக்குக் கிடைத்திருக்கிறது. கில்கமெஷின் விளையாட்டுச் சாமான் பாதாளத்தில் விழுந்துவிடுகிறது. எடுக்கப்போன என்கிடு அங்கேயே மாட்டிக்கொள்கிறான். என்கி கடவுளின் தயவில் ஒரு துவாரம் வழியாக அவன் ஆவி மேலே வருகிறது. இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். கில்கமெஷ் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கிறான்.

ஒரு மகன் உள்ளவனைப் பார்த்தாயா? பார்த்தேன், அவன் அழுதுகொண்டிருக்கிறான். இரண்டு மகன் உள்ளவன்? இரண்டு செங்கல் மேல் உட்கார்ந்து ரொட்டி தின்கிறான். நான்கு மகன் உள்ளவன் நான்கு கழுதை பூட்டியவனைப் போலச் சந்தோஷமாக இருக்கிறான். ஏழு மகன் உள்ளவன் சின்னத் தெய்வங்களோடு சரிசமமாக உட்கார்ந்திருக்கிறான். பிள்ளையில்லாதவன் சுட்ட செங்கல் மாதிரி இருக்கும் ரொட்டியைத் தின்கிறான். பிள்ளை பெறாத பெண்ணை, தூக்கிப்போட்ட ஓட்டைச் சட்டி என்று சொல்கிறது. அந்த வரியை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். யாரும் தண்ணீர் ஊற்றாதவன் தெருவில் வீசிய எச்சில் பருக்கையைத் தின்கிறான்.

இப்படியே கணக்குப் போட்டுக்கொண்டு வந்த பாட்டில், யாரை வைத்தும் கணக்குப் போட முடியாத ஒரு கூட்டம் வருகிறது. "பேர் கூடத் தெரியாமல் இறந்தே பிறந்த என் சின்னக் குழந்தைகளைப் பார்த்தாயா?" என்று கில்கமெஷ் கேட்கிறான். "பார்த்தேன்." "எப்படி இருக்கிறார்கள்?" "பொன்னும் வெள்ளியுமான மேசையில், தேனும் நெய்யுமாக, விளையாடுகிறார்கள்."

படித்துவிட்டு எழுந்து வெளியே போய், ஜெனரேட்டர் பக்கத்தில் விடியும் வரை உட்கார்ந்திருந்தேன்.

பாட்டின் நியாயப்படி அந்தக் குழந்தைகளுக்குத்தான் மிக மோசமான இடம் கிடைத்திருக்க வேண்டும். பெயர் இல்லை, மகன் இல்லை, தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. பாட்டைக் கட்டியவர் அவர்களுக்கு மட்டும் விதியை மாற்றி, யார் கொடுக்காவிட்டாலும் தீராத தேனை வைத்திருக்கிறார். அவர் யாரென்று தெரியாது. வீட்டுத் தரைக்குக் கீழே மண் சட்டி இருந்த ஜனங்களில் ஒருவர்தான்.

அழும் குழந்தைக்குச் சொல்லும் பாபிலோனிய மந்திரம் ஒன்றும் உண்டு. "இருட்டு வீட்டில் குடியிருந்த சின்னவனே, வெளியே வந்து வெயிலைப் பார்த்துவிட்டாயே, ஏன் அழுகிறாய்" என்று தொடங்கும். இருட்டு வீடு என்று இங்கே சொல்வது தாயின் வயிற்றை. என்கிடு கனவில் பாதாளத்துக்கும் இதே பெயர்தான். ஒரு இருட்டு வீட்டிலிருந்து நேராக இன்னொரு இருட்டு வீட்டுக்குப் போனவள் என் மகள். அதனால்தான் அந்த இரண்டு வரிகளையும் சேர்த்துப் படிக்கிறேன்.

தேன், நெய், அமாவாசை எல்லாம் இரண்டு பக்கமும் இருக்கிறதே, அப்போ சுமேரியர் நம் ஆட்கள்தானே என்று சொல்லிக்கொண்டு வர வேண்டாம். உர் என்பது 'ஊர்' இல்லை, சுமேரிய மொழியில் அந்த நகரத்தின் பெயர் உரிம். நான் சொல்ல வந்தது அது இல்லை. பிள்ளையைப் புதைத்தவர்களுக்கு எந்த நாட்டிலும் ஒரே நினைப்புதான் வரும், அதற்குச் சொந்தமாக இருக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. எங்களுக்கு அப்புறம் ஒரு மகள் பிறந்தாள், நன்றாக இருக்கிறாள். சொந்தக்காரர்கள் இன்றைக்கும் "கொள்ளி வைக்க ஆம்பளைப் பிள்ளை இல்லையே" என்கிறார்கள். சிரியாவில் யூப்ரடீஸ் கரையில் எமார் என்ற நகரத்தில் கி.மு. 13ஆம் நூற்றாண்டு உயில்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஒரு தகப்பன், "என் மகளை ஆணாகவும் பெண்ணாகவும் ஆக்கிவிட்டேன், என் தெய்வங்களையும் என் இறந்தவர்களையும் அவள் பேர் சொல்லிக் கூப்பிடட்டும்" என்று எழுதி வைக்கிறான். மூவாயிரத்து இருநூறு வருடத்துக்கு முன் ஒரு அப்பாவுக்கு வந்த யோசனை, இன்று கல்யாண வீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு வரவில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். எப்படி வாழ்ந்தார்கள் என்று கேட்டீர்கள். மாதம் ஒருமுறை பேர் சொல்லிக்கொண்டு வாழ்ந்தார்கள்.

அந்தப் பாட்டைப் படித்த மறுநாள் என் மனைவியிடம் போனில் சொன்னேன். குழந்தையைப் பற்றி மூன்று வருடமாக நாங்கள் இருவரும் பேசியதே இல்லை. முழுக்கச் சொல்லி முடித்த பிறகும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை, லைன் போய்விட்டது என்று நினைத்தேன். அப்புறம் கேட்டாள்: "ஏங்க, அந்த மேசை உயரமா இருக்குமா? பாப்பாவுக்கு எட்டுமா?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அன்று ராத்திரி அந்த வரியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். உயரம் எழுதியிருக்கவில்லை. விளையாடுகிறார்கள் என்று எழுதியிருந்தது. அப்போ எட்டும் என்று போன் போட்டுச் சொன்னேன்.