மார்மன் மிஷனரிகள் ஏன் எப்போதும் இரண்டு பேராகவே திரிகிறார்கள்? அவர்களுடைய அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்? ஒருவர்மேல் ஒருவருக்குச் சலிப்பு வராதா?

வரும். நன்றாகவே வரும். 2013-லிருந்து 2015 வரை அந்த இரண்டு பேரில் ஒருவனாக இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். சபையின் போதனை சரியா தவறா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. இப்போது ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிற ஆளும் இல்லை.

சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. பைபிளோடு மார்மன் புஸ்தகத்தையும் வேதமாகக் கொள்வதால் ஊர் வைத்த பெயர் 'மார்மன்'. 2018-லிருந்து தலைமை இந்தப் பட்டப்பெயரைத் தவிர்க்கச் சொல்லிவருகிறது. நீங்கள் கேட்ட சொல்லிலேயே நானும் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மிஷனரி வேலை பையன்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். எங்கே போவது என்று நாம் கேட்க முடியாது, அப்போதெல்லாம் தலைமையிடமான சால்ட் லேக் சிட்டியிலிருந்து கடிதம் வரும். எனக்குப் பெங்களூரு மிஷன் வந்தது (மிஷன் என்றால் ஒரு தலைவரின் கீழ் மிஷனரிகள் வேலை செய்கிற வட்டாரம்). 1993-இல் தொடங்கியது அது. சென்னைப் பையனை முதலில் ராஜமுந்திரிக்கு அனுப்பினார்கள், அப்புறம் விசாகப்பட்டினம், கடைசியில் ஹைதராபாத். சம்பளம் கிடையாது, நாம்தான் பணம் கட்ட வேண்டும். அமெரிக்கப் பையன்களின் குடும்பம் அப்போது மாதம் 400 டாலர் கட்டியது (2020 ஜூலையிலிருந்து 500). எங்கள் வீட்டால் முடிந்தது கொஞ்சம், மீதியைச் சபையின் மிஷனரி நிதி பார்த்துக்கொண்டது.

கறுப்புப் பெயர் அட்டையில் 'எல்டர்' என்று போட்டு, குடும்பப் பெயரை மட்டும் எழுதுவார்கள். எல்டர் என்றால் மூப்பர். மீசை சரியாக முளைக்காத பத்தொன்பது வயசு மூப்பர்! நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயர் இருந்தது, அதுவே அட்டைக்கும் வந்துவிட்டது. ஆக இரண்டு வருஷம் நான் அப்பா பெயரில்தான் வாழ்ந்தேன். காலையில் ஒருவன் போர்வையை இழுத்து, நம் அப்பா பெயரைச் சொல்லி "எழுந்திரு" என்று கத்துவதைக் கற்பனை செய்து பாருங்கள். கிறிஸ்துமஸ் அன்று வீட்டுக்குப் போன் செய்தபோது, பின்னால் என் கம்பானியன், அதாவது என் ஜோடி மிஷனரி, என்னைக் கூப்பிட்டது அம்மா காதில் விழுந்துவிட்டது. பேச வேண்டிய நேரத்தில் பாதியைச் சிரித்தே தீர்த்தாள்.

கம்பானியன் என்பதுதான் உங்கள் கேள்வியின் மையம். யாரோடு யார் என்பதை மிஷன் தலைவர் முடிவு செய்வார். ஆறு வாரத்துக்கு ஒருமுறை ட்ரான்ஸ்ஃபர் வரும், ஜோடி மாறலாம், மாறாமலும் இருக்கலாம். அதுவரை அவன் கண்ணுக்கும் காதுக்கும் எட்டுகிற தூரத்தில்தான் நீங்கள் இருக்க வேண்டும். ஒரே அறையில் தனித்தனிக் கட்டில். குளியலறைக்கும், மிஷன் தலைவர் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவதற்கும் மட்டும் விலக்கு. மாற்கு 6-ஆம் அதிகாரத்தில் இயேசு சீடர்களை இரண்டிரண்டு பேராக அனுப்பினார் என்பது வேதக் காரணம். ஊர் தெரியாத இடத்தில் பாதுகாப்பு என்பது நடைமுறைக் காரணம். வாய்விட்டுச் சொல்லாத மூன்றாவது காரணமும் உண்டு: சினிமா, காதல், பாட்டு எதுவும் கூடாத வயசுப் பையனுக்கு இன்னொரு வயசுப் பையனே காவல்.

அன்றாடம் என்பது அப்போது மணியடித்தாற்போல இருந்தது. 6:30-க்கு எழுந்து அரை மணி உடற்பயிற்சி. எட்டிலிருந்து ஒரு மணி நேரம் தனியாகப் படிப்பு, ஒரு மணி நேரம் சேர்ந்து படிப்பு, பத்து மணிக்கு வெளியே. எங்கள் பகுதியில் வீடு வீடாகக் கதவு தட்டும் வேலை இல்லை. சபை ஆட்கள் அறிமுகப்படுத்துகிறவர்களைத்தான் போய்ப் பார்ப்போம். பாதி நாள் ஆட்டோவிலும் வெயிலிலும் போகும், வரச் சொன்னவர் வீடு பூட்டியிருக்கும். இரவு ஒன்பது, ஒன்பதரைக்குத் திரும்பினால் மறுநாள் திட்டம், 10:30-க்கு விளக்கணைப்பு. 2017-இல் இந்த அட்டவணையைக் கொஞ்சம் தளர்த்திவிட்டார்கள்.

திங்கள்கிழமை எங்களுக்குப் பி-டே, அதாவது சொந்த வேலைகளுக்கான தயாரிப்பு நாள். துணி துவைப்பது, காய்கறி வாங்குவது, முடிவெட்டுவது, பிரவுசிங் சென்டரில் வரிசையாக உட்கார்ந்து வீட்டுக்கு மெயில் அடிப்பது. போன் வருஷத்துக்கு இரண்டே தடவை, கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும். 2019 பிப்ரவரியிலிருந்து வாராவாரம் பேசலாம் என்றாகிவிட்டது, கொடுத்துவைத்தவர்கள். நீச்சலும் கூடாது. ராஜமுந்திரியில் கோதாவரிக் கரையிலேயே மாதக்கணக்கில் குடியிருந்தும் ஒரு முழுக்குப் போடவில்லை.

என் முதல் கம்பானியன், அதாவது புதியவனைப் பழக்குகிற ட்ரெய்னர், அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்து உருளைக்கிழங்கு விவசாயி மகன். ஆறடி இரண்டு அங்குலம். தோசைக்கு வேர்க்கடலை வெண்ணெய் தடவிச் சாப்பிடுவான், அதைக்கூட மன்னித்தேன். விரலைச் சொடுக்குவானே, பத்து விரலையும், படிக்கிற இரண்டு மணி நேரமும், அதைத்தான் தாங்க முடியவில்லை. மூன்றாவது வாரம் ஏதோ ஒரு சின்ன விஷயத்துக்கு வார்த்தை தடித்து, பேச்சு நின்றுபோனது. ஆனால் தினமும் சேர்ந்து ஜெபம் செய்தாக வேண்டுமே! சண்டை அங்கே தொடர்ந்தது. "பரலோகப் பிதாவே, என் கம்பானியனுக்குப் பொறுமையைக் கற்றுத்தாரும்" என்பான் அவன், முழங்காலில் நின்றுகொண்டு. அடுத்த ஜெபம் என் முறை. "மற்றவர்களின் அமைதியைக் கெடுக்காத உள்ளத்தை எங்கள் இருவருக்கும் தாரும்" என்பேன். இருவருக்கும் என்பதில் ஒரு அழுத்தம். மூன்று நாள் கடவுளை நடுவில் நிறுத்தி வைத்து இப்படி ஒருவரை ஒருவர் குத்திக்கொண்டிருந்தோம்.

இதற்கென்றே வாரம் ஒருமுறை ஒரு உட்காரல் உண்டு, கம்பானியன்ஷிப் இன்வென்ட்டரி என்பார்கள். எதிரெதிரே உட்கார்ந்து, உன்னிடம் எனக்குப் பிடித்தது இது, இடிப்பது இது என்று முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். அவனுக்கு அது சின்ன வயசிலிருந்தே பழக்கம்போல. எனக்கு வீட்டில் கோபம் வந்தால் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வதுதான் தெரியும். என்ன பிரச்சினை என்று கேட்டான். "ஒன்றும் இல்லை" என்றேன். சரி என்று நம்பிவிட்டான்! நம்மூரில் 'ஒன்றும் இல்லை' என்றால் என்ன அர்த்தம் என்று அவனுக்கு யார் சொல்வது? அப்புறம் அவன் முறை. "நீ வேகமாக முன்னால் நடந்துவிடுகிறாய். நாள் முழுக்க உன் முதுகைத்தான் பார்க்கிறேன். எனக்கு இந்த ஊரில் உன்னை விட்டால் யாருமில்லை" என்றான். விரல் விஷயத்தைச் சொல்ல அதற்கப்புறம் வாய் வரவில்லை. அடுத்த வாரம்தான் சொன்னேன், பாதி குறைத்துக்கொண்டான்.

அவனோடு இருந்த அந்த ஆறு வாரத்தில் நடந்த இன்னொன்று. சபைக்குப் புதிதாக வர ஆரம்பித்த ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தோம். அவருடைய அம்மா, எழுபது வயசிருக்கும், எவர்சில்வர் டம்ளரில் டீ கொண்டுவந்து "தாகு பாபு", குடி தம்பி, என்று நீட்டினார். எங்களுக்கு டீ, காப்பி, மது, புகையிலை நான்கும் கிடையாது. 1833-லேயே வந்த விதி. அவன் கைகூப்பிச் சிரித்தபடி வேண்டாம் என்றான். நானும் வேண்டாம் என்றேன். அந்த அம்மா அவனைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார். டம்ளர்களைத் திண்ணை ஓரம் வைத்துவிட்டு மகனிடம் மெதுவாக ஏதோ கேட்டார். மகன் தர்மசங்கடமாக ஆங்கிலத்தில் சொன்னார்: "எங்கள் வீட்டில் குடிக்க மாட்டீர்களா என்று கேட்கிறார்."

என் கம்பானியன் உற்சாகமாக உடல்நலம், தேயிலை என்று விளக்க ஆரம்பித்தான். எனக்கு முகம் சுட்டது. ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பதா வேண்டாமா என்பதில் என்னென்ன கிடக்கிறது என்று ஐடஹோக்காரனுக்கு எப்படித் தெரியும்? நான் எழுந்துபோய், "அம்மா, தண்ணீர் கொடுங்கள், உங்கள் பானையிலிருந்து" என்று எனக்குத் தெரிந்த தெலுங்கில் கேட்டு, அவர் கண்முன்னே இரண்டு டம்ளர் குடித்தேன். மூன்றாவதையும் ஊற்றினார். குடித்தேன்.

திரும்பி வரும் வழியில் அவனுக்குச் சாதியைப் பற்றிச் சொன்னேன். முக்கால் மணி நேரம். அன்றைக்கு அவன் விரல் சொடுக்கவில்லை. அதற்கப்புறம் எந்த வீட்டுக்குப் போனாலும், அடுப்பில் டீக்குத் தண்ணீர் ஏறுவதற்கு முன்னால், வாசலிலேயே "மஜ்ஜிக உந்தா?" என்று கேட்டுவிடுவான். மோர் இருக்கிறதா என்று அர்த்தம். அவன் பிழையில்லாமல் பேசிய முதல் தெலுங்கு வாக்கியம் அதுதான். இவ்வளவு உயரமான வெள்ளைக்காரன் மோர் கேட்கிறான் என்று வீடே சிரிக்கும்.

ஒருவனுக்கு உடம்பு சரியில்லையென்றால் மற்றவனும் வீட்டிலேயே கிடக்க வேண்டும். விசாகப்பட்டினத்தில் எனக்குக் காய்ச்சல் வந்து ஐந்து நாள் படுத்தபோது, அப்போதிருந்த கம்பானியன், குண்டூர்ப் பக்கத்துப் பையன், என் சட்டைகளையும் சேர்த்துத் துவைத்துப்போட்டு, கஞ்சியில் மிளகாய்ப்பொடி தூவிக் கொடுத்தான். ஆந்திராவில் அது அன்பு.

தனிமை கிடைக்காதா என்றால், குளியலறைதான். குழாயைத் திறந்துவிட்டு வாளி நிரம்பும்வரை சும்மா உட்கார்ந்திருப்பேன். வாளி நிரம்ப ஆறு நிமிஷம். வேடிக்கை என்னவென்றால், அவ்வளவு ஏங்கிய தனிமை கைக்கு வந்தபோது அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஊர் திரும்பி மூன்றாம் நாள் தெருமுனைக் கடைக்கு அம்மா ஏதோ வாங்கிவரச் சொன்னாள். பாதி தெருவில் நின்று திரும்பிப் பார்த்தேன், பின்னால் யாரும் வரவில்லை. நெஞ்சு திக்கென்றது. திரும்பிப்போய்த் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனேன்.

கல்யாண வாழ்க்கைக்கு இது ஒத்திகை என்று சபையில் நிறையப் பேர் சொல்வார்கள். கல்யாணமாகி ஆறு வருஷமாகிறது, சொல்கிறேன்: இல்லை. கல்யாணத்தில் பால் பாக்கெட் வாங்கத் தனியாகப் போகலாம்.

ஐடஹோக்காரன் இப்போது டிராக்டர் விற்கிறான், மூன்று பிள்ளைகள். வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை பேசுவோம். இன்றைக்கும் என் பெயர் அவன் வாயில் வராது, அந்த அட்டைப் பெயர்தான். அப்பா போன வருஷம் இறந்துவிட்டார். அதற்கப்புறம் ஒருநாள் அவன் கூப்பிட்டு, வழக்கம்போல எடுத்தவுடனே சத்தமாக அந்தப் பெயரைச் சொன்னான். கொஞ்ச நேரம் என்னால் பதில் பேச முடியவில்லை.

கடைசியாக ஒன்று. அப்படி இரண்டு பேர் உங்கள் வீட்டுக்கு வந்து, பேச விருப்பமில்லையென்றால் தாராளமாகச் சொல்லிவிடுங்கள், அதெல்லாம் எங்களுக்குப் பழக்கம். உட்காரவைக்கிறீர்கள் என்றால் டீ போட வேண்டாம், மோர் கொடுங்கள். இரண்டு பேரில் பேசாமல் இருக்கிறவன் புதிதாக வந்தவனாக இருப்பான். அவனிடம் எந்த ஊர் என்று கேளுங்கள்.