அணைக்குள் மூழ்கிய ஊர்: நாவலுக்கு இந்தக் கரு போதுமா?

கேள்வி: எனக்கு 20 வயது. சேலத்தில் கல்லூரியில் படிக்கிறேன், சொந்த ஊர் கொளத்தூர் பக்கம். மேட்டூர் அணையில் மூழ்கிய ஊர்களை வைத்து ஒரு நாவல் எழுத ஆசை. கதை இதுதான்: ஆண்டு 1934. செல்லாயியும் குமரேசனும் காதலிக்கிறார்கள், ஊர் எதிர்க்கிறது. அணை நிரம்பும் இரவில் ஊரே வெளியேறுகிறது. குமரேசன் வருவான் என்று கோயில் நந்திக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் செல்லாயியைத் தண்ணீர் கொண்டுபோய்விடுகிறது. இன்றைக்கு அணை வற்றும்போது, நிலா என்ற பொறியியல் மாணவி நந்தியின் அடியில் ஒரு பெட்டியையும் அதற்குள் ஒரு கடிதத்தையும் கண்டெடுக்கிறாள். அவள் செல்லாயியின் மறுபிறவி. 40 அத்தியாயங்களுக்குக் குறிப்பு எழுதிவிட்டேன். கரு நன்றாக இருக்கிறதா? ஏற்கெனவே யாராவது எழுதிவிட்டார்களா? வெளியே சொன்னால் திருடிவிடுவார்களா? எத்தனை பக்கம் வர வேண்டும்? யாரிடம் காட்டுவது? (எங்கள் பாட்டியின் அம்மா அப்படி மூழ்கிய ஓர் ஊரிலிருந்து வந்தவர். கிளம்பும்போது ஆட்டுக்கல்லைத் தூக்க முடியாமல் குழவியை மட்டும் எடுத்து வந்தாராம். அது இன்னும் எங்கள் வீட்டுப் புழக்கடையில் கிடக்கிறது.)

பதில்: இடம் பிரமாதம். அதன்மேல் நீங்கள் ஏற்றியிருக்கும் கதை சுமார். அணையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு நிலநடுக்கத்தையோ புயலையோ வையுங்கள். உங்கள் 40 அத்தியாயத்தில் பெரிதாக எதுவும் மாறாது. செல்லாயி சாவாள், பெட்டி கிடைக்கும், நிலாவுக்கு முன்ஜென்மம் ஞாபகம் வரும். அப்படியென்றால் மேட்டூர் உங்கள் கதைக்குள் இன்னும் வரவே இல்லை, பின்னால் தொங்கும் திரைச்சீலையாக மட்டும் இருக்கிறது.

தண்ணீர் எப்படி வரும் என்பதிலிருந்து ஆரம்பிப்போம். மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கனஅடி). வினாடிக்கு ஒரு லட்சம் கனஅடி வீதம் வெள்ளம் வந்து, ஒரு சொட்டுகூட வெளியே விடாமல் பிடித்து வைத்தாலும், ஒரு நாளைக்குச் சேர்வது எட்டரை டி.எம்.சி. சொச்சம். காலி அணை முழு மட்டமான 120 அடியைத் தொட பத்து, பதினோரு நாள் ஆகிவிடும். அதற்கு முன் கட்டுமானம் நடந்த காலம் இருக்கிறதே, 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்தது. ஒன்பது வருஷம். ஊர் மூழ்கப் போகிறது என்று அத்தனை வருஷமும் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் அங்குலம் அங்குலமாக ஏறி வரும்போது செல்லாயி எழுந்து மேட்டுக்கு நடந்தே போயிருக்கலாம். ஒரே இரவில் அலை வந்து அடித்துக்கொண்டு போவது அணையின் குணம் இல்லை, கடலின் குணம்.

இதைக் குறை என்று நினைத்து வருத்தப்படாதீர்கள், உங்கள் கதை கிடப்பதே இங்கேதான். ஊர் அழியப் போகிறது என்று தெரிந்த பிறகும் ஒன்பது வருஷம் அங்கேயே வாழ வேண்டும். கிணறு தூர்ந்தால் வாருவார்களா? ஓடு மாற்றுவார்களா? அந்த ஊருக்குப் பெண் கொடுப்பார்களா? பட்டா வைத்திருந்தவர் இழப்பீட்டை எதிர்பார்க்கலாம். அதே நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர் எதை எதிர்பார்ப்பார்? செல்லாயியின் கல்யாணம் இந்தக் கணக்குகளுக்குள் மாட்டிக்கொள்ளட்டும். “ஊர் எதிர்க்கிறது” என்று ஒரு வரியில் தாண்டியிருக்கிறீர்கள். ஏன் எதிர்த்தது? சாதியா, சொத்தா, முறை தப்பியதா? 1934-இல் ஒரு கிராமத்துக் காதலுக்கு இதற்கு விடை இல்லாமல் ஒரு பக்கம்கூட எழுத முடியாது.

இன்னொன்று. நீர்மட்டம் இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் நந்தி மட்டும் வெளியே வருவதில்லை, பழைய கிறிஸ்தவ தேவாலயத்தின் கோபுரமும் வருகிறது. கொளத்தூர்க்காரரான உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது. ஆனால் உங்கள் சுருக்கத்தில் ஒரு கிறிஸ்தவர்கூட இல்லை. சாமி சிலையை எடுத்துப்போகலாம். கல்லறையில் படுத்திருக்கும் அப்பனை என்ன செய்வது? உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

பெட்டியும் கடிதமும் வேண்டாம். தொண்ணூறு வருஷம் தண்ணீருக்குள் கிடந்த காகிதத்தில் படிக்க எதுவும் மிஞ்சாது என்பது ஒரு காரணம். கடிதம் கிடைத்துவிட்டால் நிலா அதை வாசிக்கிறாள், அதற்குமேல் அவளுக்கு வேலை இல்லை என்பது அதைவிடப் பெரிய காரணம். மறுபிறவியும் அப்படித்தான். எல்லாம் முன்பே முடிவாகிவிட்டதென்றால் அவள் எதைத் தேர்ந்தெடுப்பாள்?

நிகழ்காலம் வேண்டுமென்றால் உங்கள் கண்ணெதிரே இருக்கிறது. பாசனத்துக்கு ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது மேட்டூரின் பழைய வழக்கம். தண்ணீர் வடிந்த வருஷங்களில் நீர்ப்பிடிப்பு ஓரத்து மக்கள் வண்டல் நிலத்தில் இறங்கிப் பயிர் வைக்கிறார்கள். நிலக்கடலை கைக்கு வர ஏறக்குறைய 105 நாள். அதற்குள் கர்நாடகத்தில் மழை பிடித்து, அங்கே கபினி அணை நிரம்பி, உபரி நீர் இங்கே வந்துவிட்டால் பயிர் போச்சு. தாத்தாவின் ஊர் கிடந்த அதே மண்ணில், பட்டா இல்லாமல், கடலை போட்டுவிட்டு தினமும் காலையில் நீர்மட்டச் செய்தியைப் பார்க்கும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். மகசூல் முந்துமா, தண்ணீர் முந்துமா? வாசகரைப் பக்கம் புரட்ட வைக்க மறுபிறவி தேவைப்படாது.

சரி, அடைப்புக்குறிக்குள் போட்டு ஒதுக்கிவிட்டீர்களே, அந்தக் குழவிக்கு வருகிறேன். கடிதம் முழுவதிலும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தது அங்கேதான். குழவி இல்லாத ஆட்டுக்கல்லும், ஆட்டுக்கல் இல்லாத குழவியும் ஒன்றுக்கும் ஆகாது. வருஷக்கணக்கில் ஆட்டி ஆட்டி, அந்தக் குழியும் அந்தக் குழவியும் ஒன்றுக்கொன்று தேய்ந்து பொருந்தியிருக்கும். வேறு கல்லில் போட்டால் ஒட்டாது, மாவில் நொய் நிற்கும். இது தெரிந்த ஒரு பெண் ஏன் அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள்? பொருந்துகிற மாதிரி புதுக் கல் கொத்திக்கொள்ளலாம் என்றா? திரும்பி வருவோம் என்று நினைத்தாளா? ஆத்திரமா? அவளுக்கும் புருஷனுக்கும் வண்டியில் எதை ஏற்றுவது என்று சண்டை வந்திருக்காதா? இந்தக் கேள்விகளுக்கு விடை உங்களுக்கும் தெரியாது, அதனால்தான் எழுதத் தோதான விஷயம். பாட்டி இருக்கிறார் என்றால் இந்த வாரமே போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். “கதை சொல்லுங்க” என்று கேட்காதீர்கள். புதிதாக வந்த இடத்தில் அவங்க அம்மா முதல் மாசம் எதில் மாவாட்டினாங்க, யார் வீட்டுக் கல்லில் என்று கேளுங்கள்.

மீதிக் கேள்விகளுக்குச் சுருக்கமாக.

அணையில் மூழ்கிய ஊர் என்ற விஷயம் தமிழில் வந்திருக்கிறது. வைகை அணையை ஒட்டி வைரமுத்து எழுதிய ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ நாவல் 2003-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. எழுதும் முன்பே அதைப் படித்துவிடுங்கள். படித்தால் பாதிப்பு வந்துவிடும் என்று பயந்து தள்ளிப்போடுகிறவர்கள், அங்கே ஏற்கெனவே இருக்கும் காட்சியைத் தெரியாமல் இன்னொரு முறை எழுதிக்கொண்டு வருவார்கள். வைகை வேறு, மேட்டூர் வேறு. காலம் வேறு, ஆட்சியே வேறு. இங்கே நீர்த்தேக்கத்துக்கு அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஸ்டான்லியின் பெயரை வைத்தார்கள்.

தகவலுக்கு, ரிச்சர்ட்ஸ் தொகுத்து 1918-இல் வந்த சேலம் மாவட்டக் கெசட்டியரை (அரசு வெளியிட்ட மாவட்ட விவரத் தொகுப்பு) தேடுங்கள். அணைக்கு முந்தைய புத்தகம், அதுதான் அதன் மதிப்பு. சென்னைக்கு வர முடிந்தால் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கும் தரமணி ரோஜா முத்தையா நூலகத்துக்கும் ஒரு நடை போய்வாருங்கள். ஆனால் ஆராய்ச்சியிலேயே இரண்டு வருஷத்தைக் கரைத்துவிட வேண்டாம். எழுதத் தொடங்கினால்தான் எது தெரியவில்லை என்பதே தெரியும்.

திருட்டு பயத்தை விடுங்கள். நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கருவைப் பாதுகாக்காது, எழுதிய வடிவத்தைத்தான் பாதுகாக்கும். தன் நாடகத்தைப் படமாக எடுத்துவிட்டார்கள் என்று ஆர்.ஜி. ஆனந்த் தொடுத்த வழக்கில் 1978-இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது, அவர் தோற்றார். ஆகவே காப்பாற்ற வேண்டுமென்றால் எழுதிவிடுவதுதான் வழி. எழுதிய கணத்திலேயே உரிமை உங்களுடையது, பதிவு செய்வது கட்டாயம் இல்லை.

பக்கக் கணக்கை இப்போது போடாதீர்கள். புத்தகப் பக்கம் ஒன்றில் இருநூறு, இருநூற்றைம்பது சொல் அடங்கும். முதல் நாவல் 150 முதல் 200 பக்கத்துக்குள் நின்றால் உங்களுக்கும் நல்லது, அச்சுக் கூலி கொடுக்கும் பதிப்பாளருக்கும் நல்லது. 40 அத்தியாயக் குறிப்பை மூடி வைத்துவிட்டு மூன்று காட்சி மட்டும் எழுதுங்கள்: நிலம் அளக்க வந்தவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்காரும் நாள், வண்டியில் சாமான் ஏற்றும் நாள், புது இடத்தில் முதல் முறையாக மாவு ஆட்டும் நாள்.

அவற்றை மூன்று பேரிடம் கொடுங்கள். கல்லூரித் தோழி ஒருவர், நிறைய நாவல் படிக்கிறவர் ஒருவர், பண்ணவாடிப் பரிசல் துறையையும் அந்தக் கரையையும் அறிந்த வயதானவர் ஒருவர். அவருக்கு நீங்களே வாசித்துக் காட்டலாம். “நல்லா இருக்கா?” என்று கேட்டால் மூவருமே நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். எந்த இடத்தில் கீழே வைத்தீர்கள், எந்த ஆள் மறந்துபோனார், எதை நம்பவில்லை என்று கேளுங்கள். இருவர் ஒரே இடத்தைச் சுட்டினால் அங்கே கோளாறு நிச்சயம். அதை எப்படிச் சரிசெய்வது என்று அவர்கள் தரும் யோசனையைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அப்படியே செய்ய வேண்டியதில்லை.

பதிப்பாளருக்கு இப்போதைக்கு எதுவும் அனுப்ப வேண்டாம். புது எழுத்தாளரின் கதைச் சுருக்கத்தைப் பார்த்து ஒப்பந்தம் போடும் வழக்கம் இங்கே அநேகமாக இல்லை. முழுப் பிரதி கேட்பார்கள். சென்னைப் புத்தகக் காட்சி பெரும்பாலும் ஜனவரியில் நடக்கும், அதற்கு முந்தைய இரண்டு, மூன்று மாதம் பதிப்பகங்களில் யாருக்கும் தலை நிமிர நேரம் இருக்காது. முடித்த பிரதியைப் புத்தகக் காட்சி முடிந்து பிப்ரவரி, மார்ச்சில் அனுப்பினால் பொறுமையாகப் படிக்க ஆள் கிடைப்பார். யூனிகோடில் தட்டச்சு செய்து, எழுத்துப்பிழை பார்த்து அனுப்புங்கள்.