அதிகம் கேட்டிராத நத்தார் பாடல்களை எவ்வாறு கண்டடைவது?

கரோல் என்பது பாலன் இயேசுவின் பிறப்பைக் கொண்டாட மக்கள் கூடிப் பாடும் எளிய பாடல். ஆதியில் அச்சொல் வட்டமாக ஆடிப் பாடுவதைக் குறித்தது. மட்டக்களப்பின் ஒளிவிழாக்களில் வருடாவருடம் அதே சில பாடல்கள் ஒலிப்பதற்குக் காரணம் வேறு பாடல் இல்லாமையன்று. முன்பு அதிகம் கேட்கப்பட்டதையே வானொலியும் யூடியூப்பும் முன்வைக்கின்றன; முன்வைக்கப்பட்டதையே நாமும் மறுபடி கேட்கிறோம். சந்தை வாசலிலேயே மீன் வாங்கித் திரும்புபவருக்கு, உள்ளே வாவி மீன் விற்பவர் இருப்பது தெரியாமற்போவதைப் போன்றது இது.

ஆகவே ‘நத்தார் பாடல்’ என்று பொதுவாகத் தேடாமல், இசைவகையின் பெயரைச் சேர்த்துத் தேட வேண்டும். ஸ்பானிய மொழியினரின் ‘வில்லான்சிகோ’ நாட்டார் பாடலாகத் தொடங்கியது. வெனிசுவேலாவிலிருந்து ட்ரினிடாட் தீவுக்கு வந்த ‘பராங்’, குவாட்ரோ என்னும் நான்கு தந்திக் கருவியையும், குலுக்கி ஒலிக்கும் மராக்காவையும் இசைத்தபடி வீடுவீடாகச் சென்று பாடப்படுவது. அதைக் கேட்கும்போதெல்லாம் நமது மட்டக்களப்புப் பறங்கியர் வயலினோடு இசைக்கும் கஃப்ரிஞ்ஞா என்னும் ஆடலிசையின் துள்ளல்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. ஜாஸ், கிறிஸ்தவ பக்தி இசையான கொஸ்பல் ஆகியவற்றிலும் நத்தார் பாடல்கள் ஏராளம். ஒரு பாடல் பிடித்துவிட்டால், அதே இசைத்தொகுப்பின் ஏனைய பாடல்களையும் கேட்டுப் பாருங்கள். நல்லவை பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கின்றன.

பழகிய பாடல்களே உண்மையான நத்தார் பாடல்கள் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் 1857இல் வெளியான ‘ஜிங்கிள் பெல்ஸ்’ பாடலில் நத்தாரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை, பனியில் குதிரை இழுக்கும் வண்டியின் சவாரி மட்டுமே உண்டு.