ஷார்ப்பின் துப்பாக்கியும் கூழ் காய்ச்சிய பேய்களும்

அன்புள்ள ஐயா,

டைபாய்டு வந்து வீட்டில் கிடந்தபோது ‘ஷார்ப்’ தொலைக்காட்சித் தொடரைப் பார்க்க ஆரம்பித்தேன். நெப்போலியன் காலத்து ஆங்கிலச் சிப்பாய் ஒருவனின் கதை, ஷான் பீன் நடித்தது. முடித்த கையோடு பெர்னார்ட் கார்ன்வெல்லின் நாவல்களையும் வாங்கி வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகை பற்றிய நாவலில் திப்பு சுல்தானைக் கொல்வதே ஷார்ப்தான். அந்த அத்தியாயத்தை நடுராத்திரியில் மூச்சுவிடாமல் வாசித்துவிட்டு, காலையில் வெட்கப்பட்டேன். ‘வெள்ளைக்காரன் ஜெயிச்சா கைதட்டுற அடிமைப் புத்தி’ என்கிறான் நண்பன். இதை ரசிப்பது தவறா? தொடர், நாவல், இரண்டில் எது மேல்? நானும் ஒரு சரித்திர நாவல் தொடங்கியிருக்கிறேன். முதல் அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன்.

எம்., திருப்பூர்

அன்புள்ள எம்.,

உடம்பு தேறிவிட்டதா? டைபாய்டுக்காரர் நடுராத்திரி வரை கண்விழித்து வாசித்ததற்குத்தான் முதல் திட்டு.

நண்பரை விடுங்கள். சோழர் படை அநுராதபுரத்துக்குள் நுழைந்த கதை என்றால் அவர் கைதட்டுவாரா மாட்டாரா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். திப்புவைக் கொன்றது யார் என்று வரலாற்றுக்கே தெரியாது. 1799 மே 4 அன்று கோட்டைக்குள் பிணக்குவியலுக்கு நடுவே உடல் கிடைத்தது, அவ்வளவுதான். அந்த இடைவெளியில் கார்ன்வெல் தன் ஆளை நுழைத்துவிட்டார். நாவலாசிரியன் வேறு எங்கே நுழைவான்?

எது மேல் என்பதெல்லாம் ஒரு கேள்வியா? தொடரைச் சின்னத் தொகையில் எடுத்தார்கள். ஸ்பெயின் என்று நீங்கள் பார்த்த மலைகள் முதல் பருவங்களில் கிரிமியா. சண்டைக் காட்சியில் படை திரண்டு வரும் என்று காத்திருந்தால் ஒரு கல்யாண வீட்டுப் பந்திக்குக்கூடக் காணாத கூட்டம் வரும். ஆனால் 1981 முதல் வந்த நாவல்களில் கறுத்த முடியும் லண்டன் பேச்சுமாக இருந்தவனை, ஷான் பீன் தன் ஷெஃபீல்டு குரலால் மாற்றிவிட்டார். பிறகு எழுதிய நாவல்களில் ஷார்ப் சின்ன வயதில் யார்க்‌ஷயருக்கு ஓடிப்போனதாக ஒரு கதையையே ஆசிரியர் சேர்க்க வேண்டியிருந்தது. நடிகன் எழுத்தாளனை வளைத்த கதை இது. ஸ்ரீரங்கப்பட்டண நாவலைத் தொடர் அப்படியே எடுக்கவில்லை. 2006-ல் அதன் சில துண்டுகளை உருவி, கதையை 1817-க்குத் தள்ளி, ராஜஸ்தானில் போய் எடுத்தார்கள். காவிரியே இல்லை! இடுப்பளவு காவிரியில் பாறை தட்டத் தட்டப் படை இறங்கிய அந்த நடுப்பகலை ஒட்டகம் திரியும் ஊரில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

இனி உங்கள் வெட்கத்துக்கு வருகிறேன். இதைத்தான் சில நாட்களாக நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் மூச்சுவிடாமல் வாசித்தது வெள்ளைக்காரனின் வெற்றியை என்று ஏன் நினைக்கிறீர்கள்? ஷார்ப் யார்? அப்பா யாரென்றே தெரியாமல் அநாதை விடுதியில் வளர்ந்த திருடன், எழுத்து தெரியாத சாதாரண சிப்பாய். மேலதிகாரிகளில் பலர் அவனைக் கடைசிவரை ஏற்றுக்கொள்வதே இல்லை. படிக்கக் கற்றுக்கொள்வதும் எங்கே? திப்புவின் நிலவறையில், புலிகளுக்குப் பக்கத்தில்! நீங்கள் ரசித்தது இவன் கண்ணால் போரைப் பார்த்ததை.

அந்தத் துப்பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். ஒரு சிட்டிகை மருந்தைப் பொறிக்கிண்ணியில் இட்டு மூட வேண்டும். மிச்ச மருந்தைக் குழலில் கொட்டி, குண்டையும் காகிதத்தையும் திணித்து, கோலால் இடித்து, கோலை உருவி, தூக்கிச் சுட வேண்டும். நல்ல சிப்பாய் இதை நிமிடத்துக்கு 3 தடவை செய்வான். ஒவ்வொரு கடிக்கும் வெடியுப்பு நாக்கில் ஒட்டும். கொஞ்ச நேரத்தில் தொண்டை வறண்டு, உதடு கறுத்து, எதிரியைவிடத் தண்ணீர்தான் பெரிய நினைப்பாக நிற்கும். கார்ன்வெல் இதை மறுபடி மறுபடி எழுதுகிறார். எனக்கு அலுக்கவே இல்லை.

என் பெரியப்பா மெட்ராஸ் ரெஜிமென்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர். குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டனில்தான் பயிற்சி. ஒருநாள் அவரை உட்காரவைத்து இந்தத் தொடரைப் போட்டேன். மலையேறி நடந்து வந்த ரைஃபிள் படையினர் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பாட ஆரம்பித்தார்கள். பெரியப்பா சிரித்துவிட்டார். “இத்தனை தூரம் நடந்தவன் உக்காந்ததும் மொதல்ல என்ன பண்ணுவான் தெரியுமாடா? பூட்ஸைக் கழட்டுவான். கழட்டி விரலை ஒவ்வொண்ணா எண்ணுவான். இவனுங்க பாட்டுப் பாடுறானுங்க.” அப்புறம் சத்தம் போடாமல் முழுக்கப் பார்த்தார்.

அவர் தொப்பி வில்லையில் ஒரு யானை உண்டு. அசாயே யானை. “மகாராஷ்டிரா பக்கம்டா. நம்மாளுங்க பீரங்கியைப் பாத்து நேரா நடந்தாங்க, அதுக்குக் குடுத்தது” என்பார். 1803 செப்டம்பர் 23, பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆன ஆர்தர் வெல்லெஸ்லி மராட்டியரோடு மோதிய போர். கார்ன்வெல் அதையும் நாவலாக்கியிருக்கிறார். அன்று வெல்லெஸ்லியின் பக்கத்தில் மட்டும் செத்தவர்களும் காயம்பட்டவர்களும் ஏறக்குறைய 1,600 பேர். இரண்டு ஸ்காட்லாந்துப் பட்டாளங்களைத் தவிர அவருடைய காலாட்படை முழுக்க மெட்ராஸ் சிப்பாய்கள், தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். நாவலில் அவர்கள் வருகிறார்கள், ஆனால் பெரும்பாலும் வரிசையாக நிற்கத்தான். அதற்குக் கார்ன்வெல்லிடம் கோபித்துப் பயனில்லை. அவர் தன் ஊர்ச் சிப்பாயை எழுதினார். நம் சிப்பாயை எழுத வேண்டியவர்கள் என்ன செய்தோம்?

இளவரசர்களை எழுதினோம். நம் சரித்திர நாவல்களில் சுரங்கப்பாதை உண்டு, மாறுவேடம் உண்டு, ஓலை உண்டு, ஓடம் உண்டு. பல்லாயிரம் பேர் படை திரண்டு போகும். அந்தப் பல்லாயிரம் பேர் ராத்திரி என்ன தின்றார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கலிங்கத்துப்பரணியில் போர் முடிந்த களத்தில் வக்கணையாகக் கூழ் காய்ச்சுகிறார்கள். யார்? பேய்கள்! தமிழில் போர்க்களத்துச் சமையலை இவ்வளவு விஸ்தாரமாகச் செய்தது அவைதான். படைக்குத் தீனி வேண்டும் என்பது வெல்லெஸ்லிக்குத் தெரிந்திருந்தது. தானியம் சுமந்துவந்த லம்பாடிகளும், ஒருகாலத்தில் திப்புவின் மந்தையாக இருந்த மைசூர் அம்ருத மகால் மாடுகளும் இல்லையென்றால் தக்காணத்தில் தன் படை நகராது என்று உணர்ந்து, மாடுகளைப் பற்றிக் கடிதம் கடிதமாக எழுதியவர் அவர்.

இது நமக்கு வராது என்று சொல்லாதீர்கள். முல்லைப்பாட்டை எடுத்துப் பாருங்கள். பாசறையில் தூக்கம் வராமல் கிடக்கும் அரசன், தோலைக் கிழித்து அம்பு தைத்ததால் காதைச் சாய்த்துக்கொண்டு தீனி எடுக்காமல் தவிக்கும் குதிரைகளை நினைக்கிறான். நெடுநல்வாடையில் அரசன் நள்ளிரவு வாடைக்காற்றில் விளக்கோடு போய்ப் புண்பட்டவர்களைப் பார்க்கிறான். அதை எழுதிய மொழியில்தான் நாம் இப்போது குதிரைக்குத் தீனியே வைக்காமல் நாவல் எழுதுகிறோம்.

நமக்கென்று ஒரு முற்றுகைக் கதை இல்லையா? 1806 ஜூலை 10, வேலூர் சிப்பாய்க் கலகம். புதுத் தலைப்பாகை போடு, நெற்றியில் நீறும் நாமமும் கூடாது, தாடியை எடு என்ற உத்தரவுகளால் வெடித்தது. விடியுமுன் கோட்டை சிப்பாய்கள் கையில், மேலே திப்புவின் புலிக்கொடி. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலத் தளபதி கில்லெஸ்பி குதிரையில் பறந்து வருகிறார். கதவு திறக்கும்வரை பொறுக்காமல், வெள்ளைச் சிப்பாய்கள் வார்ப்பட்டைகளை முடிந்து விட்ட கயிற்றில் மதிலேறுகிறார். ஆங்கிலத்தில் ஹென்றி நியூபோல்ட் இதைக் கவிதையாகவே பாடிவிட்டார். கில்லெஸ்பியோடு வந்த 19-ஆம் டிராகூன் படை எது தெரியுமா? அசாயேயில் மெட்ராஸ் சிப்பாய்களோடு ஒரே களத்தில் நின்று, எதிரிமேல் பாய்ந்த அதே குதிரைப்படை. 3 வருடம்கூட முழுதாக ஆகவில்லை. கோட்டைக்குள் பிடிபட்ட சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுத் தள்ளினார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றவனின் வாயிலும் வெடியுப்புதான் கரித்திருக்கும். அவன் பெயரில் ஒரு நாவல் தொடர் இல்லை.

உங்கள் அத்தியாயத்தையும் படித்தேன். பௌர்ணமி நிலவு, ஆற்றங்கரை, வெண்புரவி, அதன்மேல் முகத்தை மூடிய வீரன். வாக்கியங்கள் சுத்தமாக இருக்கின்றன, கை பழகியிருக்கிறது, சந்தோஷம். ஆனால் மூன்று இரவு மூன்று பகல் நிற்காமல் அந்தக் குதிரை ஓடுகிறது. செத்துப்போகும் ஐயா! இரண்டாம் நாளே விழுந்துவிடும். அது எங்கே தண்ணீர் குடித்தது, கொள் யார் வைத்தது, லாடம் எந்த ஊரில் தேய்ந்து யார் மாற்றினார் என்று எழுதுங்கள். மாற்றிய கொல்லனுக்குக் கூலி கிடைத்ததா என்றும் எழுதுங்கள். வீரன் முகத்தை அப்புறம் காட்டிக்கொள்ளலாம். இவ்வளவும் எழுதிவிட்டு அனுப்பினால் வாசிக்கிறேன், இல்லையென்றால் அனுப்ப வேண்டாம்.