பதில்: கனடாவின் எட்மன்டன், சாஸ்கடூன், பிரின்ஸ் ஆல்பர்ட் ஆகிய மூன்று ஊர்களையும் நான்கு நாளில் பார்த்து முடிக்க முடியுமா?

முடியும், ஆனால் மூட்டுவலியுள்ள அம்மாவோடு வேண்டாம். பிரின்ஸ் ஆல்பர்ட்டை விட்டுவிடுங்கள். எட்மன்டனில் இரண்டு இரவு, சாஸ்கடூனில் இரண்டு இரவு போதும்.

எட்மன்டனிலிருந்து சாஸ்கடூனுக்கு ரயிலில் போகும் உங்கள் யோசனையும் சரிப்படாது. வாரத்தில் சில நாள்தான் ஓடுகிறது, சரக்கு ரயிலுக்கு வழிவிட்டுப் பல மணி நேரம் தாமதமாகும். வாடகைக் கார்தான் நல்லது. 16ஆம் எண் நெடுஞ்சாலையில் சுமார் 520 கிலோமீட்டர். வழியில் பேட்டில்ஃபோர்டில் சாப்பிட்டு, பழைய கோட்டையையும் பார்த்துவிடலாம்.

எட்மன்டனில் சாஸ்கட்சவான் ஆற்றின் வடக்குக் கிளை ஆழமான பள்ளத்தாக்கில் ஓடுகிறது. படி இறங்க வேண்டாம். கோடையில் 1913இல் திறந்த ஹை லெவல் பாலத்தின் மேலே பழைய டிராம் ஓடும். அம்மா உட்கார்ந்தபடியே ஆற்றைப் பார்க்கலாம். என்னைக் கேட்டால் அந்த ஊரில் முதலில் பார்க்க வேண்டியது அதுதான்.

சாஸ்கடூனில் ஓடுவது அதன் தெற்குக் கிளை. நீங்கள் எழுதியதுபோல அதே ஆறு இல்லை. இரண்டும் பிரின்ஸ் ஆல்பர்ட்டுக்குக் கிழக்கேதான் சேர்கின்றன. கரையோரப் பாதை நடக்க எளிது, ரெமாய் மாடர்ன் கலைக்கூடமும் பக்கத்திலேயே. நேரமிருந்தால் 1885இல் மெட்டி மக்கள் (பழங்குடி, ஐரோப்பியக் கலப்பு வம்சத்தினர்) நடத்திய எழுச்சியின் முடிவைத் தீர்மானித்த போர் நடந்த பட்டோஷுக்கு ஒரு மணி நேரத்தில் போகலாம்.

அப்புறம், ஜூலை என்கிறீர்கள், கொசு மருந்து கட்டாயம்.