பச்சை விளக்கை நம்பாதே, எர்த்தைப் பார்

தம்பி, ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர், டர்ன்டேபிள் (ரெக்கார்டு பிளேயர்) எல்லாவற்றையும் 230 வோல்ட் ஊரிலிருந்து இந்த 120 வோல்ட் நாட்டுக்குக் கையோடு கொண்டுவந்துவிட்டாய். எந்த சர்ஜ் புரொடெக்டர் (திடீரென்று எகிறும் வோல்ட்டேஜிலிருந்து காக்கும் பிளக் ஸ்ட்ரிப்) வாங்கலாம், அது எத்தனை ஜூல் ஆற்றலைத் தாங்க வேண்டும், அதை மாட்டினால் ஒலி தெளிவாகுமா என்று கேட்கிறாய். ஒலி தெளிவாகாது. ஜூல் கூடுதலாக இருந்தால் நல்லது. இந்த இரண்டுக்கும் அவ்வளவுதான் பதில்.

முதலில் சுவரில் உள்ள பிளக் பாயிண்டில் எர்த் இருக்கிறதா பார். நான் வந்த புதிதில் குடியிருந்தது பழைய கட்டடத்தின் கீழ்த்தள அறை. பிளக் பாயிண்டில் இரண்டே ஓட்டை, எர்த் கிடையாது. "அடாப்டர் போட்டுக்கொள், ஒன்றும் ஆகாது" என்றார்கள் முன்னால் வந்தவர்கள். போட்டேன். சர்ஜ் ஸ்ட்ரிப், அதிலிருந்து 120 வோல்ட்டை 230 ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மர், அப்புறம் ஆம்ப். ஒரு இடிமழை இரவில் ஆம்ப் செத்துவிட்டது. ஸ்ட்ரிப்பில் பச்சை விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருந்தது.

ரிப்பேர் செய்தவர்தான் புரியவைத்தார். ஸ்ட்ரிப்புக்குள் இருப்பது வேரிஸ்டர். வோல்ட்டேஜ் எகிறினால் அதை வேறு பக்கம் திருப்பிவிடும். எர்த்துக்குத் திருப்ப வேண்டியதை, எர்த்தே இல்லாவிட்டால் எங்கே அனுப்பும்? அடி வாங்க வாங்க அதுவும் தேயும். மலிவான ஸ்ட்ரிப்பில் அந்த விளக்கு கரண்ட் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். எனக்கு வந்த அடியோ மின்சார ஒயரில் வரவே இல்லை. டிவி கேபிளில் வந்து, டிவிக்குள் நுழைந்து, ஆடியோ ஒயர் வழியாக ஆம்புக்குப் போயிருந்தது. அதனால் கேபிளையும் பாதுகாப்பு வழியாகவே கொண்டுபோ. ஒன்றோடொன்று இணைத்த சாதனங்கள் எல்லாம் ஒரே ஸ்ட்ரிப்பில் இருக்கட்டும். இடிமழை நெருங்குவதற்கு முன்பே பிளக்கையும் கேபிளையும் பிடுங்கிவிடு. நேராக விழும் மின்னலை எந்த ஸ்ட்ரிப்பும் தாங்காது.

நம் ஆட்களிடம் எனக்குப் பிடிக்காத பழக்கம் இரண்டு. ஸ்பீக்கரில் 'ம்ம்' என்று இரைச்சல் வந்தால் எர்த் பின்னை உடைத்துவிடுவார்கள். ஷாக் அடித்து உயிர் போகிற வேலை அது. இன்னொன்று, இங்கே வாங்கிய 120 வோல்ட் ஸ்ட்ரிப்பை 230 வோல்ட் வீட்டுக்குப் பரிசாகக் கொண்டுபோவது. மாட்டியதும் வேரிஸ்டர் சூடேறித் தீப்பிடிக்கலாம். ஊரிலிருந்து 230 வோல்ட் ஸ்ட்ரிப்பைக் கொண்டுவந்திருந்தால் அதுவும் இங்கே சரிப்படாது. அதன் வேரிஸ்டர் விழித்துக்கொள்வதற்குள் அடி உள்ளே போய்விடும்.

ஆம்பின் பின்னால் 120, 230 என்று மாற்றிக்கொள்ளும் வோல்ட்டேஜ் செலக்டர் இருக்கிறதா பார், இருந்தால் டிரான்ஸ்ஃபார்மரே வேண்டாம். டர்ன்டேபிளில் சிங்க்ரனஸ் மோட்டாராக, அதாவது மின்சாரத்தின் ஹெர்ட்ஸுக்கு ஏற்ற வேகத்தில் சுற்றுவதாக இருந்தால், ஊரின் 50 ஹெர்ட்ஸுக்குச் செய்தது இங்கே உள்ள 60-இல் வேகமாக ஓடும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று 40 ஆகிவிடும். டிரான்ஸ்ஃபார்மர் இதைச் சரிசெய்யாது. முதல் ரெக்கார்டைப் போட்டபோது குரல் கீச்சென்று கேட்டதும் ஊசி போய்விட்டது என்று நினைத்து ராத்திரி முழுக்கத் துடைத்துக்கொண்டிருந்தேன். மோட்டாரின் பெல்ட் சக்கரத்துக்குப் பதிலாக அதைவிடச் சின்ன புல்லி ஒன்று வாங்கி மாட்டிய பிறகுதான் சரியான வேகத்தில் சுற்றியது. அன்று அந்தக் கீழ்த்தள அறையில் விடியும்வரை தூங்காமல் கேட்டுக்கொண்டே இருந்தேன்.