பப்பாசி சாப்பிட்டுக் குறைத்த நிறை ஏன் திரும்பி வந்தது?

கேள்வி: எனக்கு வயது 38. உயரம் 155 சென்ரிமீற்றர், நிறை 78 கிலோ. கந்தோரில் இருந்தபடி செய்யும் வேலை. இரவில் பப்பாசிப்பழம் மட்டும் சாப்பிட்டு ஒரு மாதத்தில் 4 கிலோ குறைத்தேன். விட்டதும் 5 கிலோ ஏறிவிட்டது. படி ஏறினால் முழங்கால் நோகிறது. வீட்டில் மாமிதான் சமையல். குறைத்துப் போடச் சொன்னால் அவவின் முகம் வாடிவிடுகிறது. நான் என்ன செய்ய?
- வாசகி, திருக்கடலூர்

பதில்: பிள்ளை, போன அந்த 4 கிலோ முழுக்கக் கொழுப்பு இல்லை. பட்டினி கிடந்தால் முதலில் தண்ணீர் இறங்கும், பிறகு கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும். பழையபடி சாப்பிடத் தொடங்கினால் தசையைவிடக் கொழுப்புத்தான் கெதியாகத் திரும்பும். ஆகவே பப்பாசியை உங்கள் மனஉறுதியின் தோல்வியாக எடுக்காதேங்கோ. அந்த வழியே பிழை.

நான் 31 வருடம் குடும்பநல மருத்துவமாதுவாக வேலை செய்தவள். என் 46ஆவது வயதில் இரத்தத்தில் சீனி எல்லையில் வந்து நின்றது. அப்போது ஒரு கிழமை முழுக்க ஒரு வேலை செய்தேன். தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி போட்டேனோ, அத்தனை கரண்டியை ஒரு வெறும் ஜாம் போத்தலுக்குள்ளும் போட்டேன். நாளுக்கு ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் குவித்து இரண்டு கரண்டி. ஏழாம் நாள் போத்தலை மூட முடியவில்லை. மேசையில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவும் என் வயிற்றுக்குள் போயிருக்கிறதே என்று நெஞ்சு பதறியது. குவிக்காத கரண்டி 5 கிராம் என்று வைத்தாலும் பத்துக் கரண்டி 50 கிராம், அதாவது 200 கலோரி. மாதத்துக்கு 6000. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறக்குறைய 7700 கலோரி இருக்கிறது. மிச்சக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கோ. நான் இரண்டு கரண்டியை ஒன்றாக்கி, மூன்று கிழமை கழித்து அரையாக்கினேன். நாக்கு பழகிவிட்டது.

அடுத்தது தேங்காய். நிறை என்றதும் எல்லாரும் சோற்றையும் புட்டையும்தான் குற்றம் சொல்கிறார்கள். நம் இராச்சாப்பாட்டைக் கவனியுங்கோ: புட்டுக்குள் தேங்காய்ப்பூ, பக்கத்தில் சம்பல், மேலே ஊற்றக் கட்டிப்பால் சொதி. ஒரே கோப்பைக்குத் தேங்காய் மூன்று வழியால் வருகிறது. 100 கிராம் தேங்காய்ப்பூவில் 350 கலோரி அளவில் இருக்கிறது. அதே நிறைச் சோற்றில் 130 தான். தேங்காயை விடச் சொல்லவில்லை. மூன்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கோ. சம்பல் வேண்டுமென்றால் அன்றைக்குச் சொதி தண்ணிப்பாலில் இருக்கட்டும், புட்டுக்குள் தேங்காய்ப்பூவுக்குப் பதிலாக முருங்கை இலை போகட்டும். குரக்கன் புட்டென்றால் அளவில்லாமல் சாப்பிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். குரக்கனில் நார்ச்சத்தும் கல்சியமும் கூட, ஆனால் கலோரி அரிசிமாவுக்குக் கிட்டத்தான்.

கோப்பையில் பாதி இடத்தை மரக்கறியும் கீரையும் பிடிக்கட்டும். கால்வாசிக்கு மீன். சூடையும் கீரியும் மலிவாகக் கிடைக்கும் ஊரில் இருக்கிறீர்கள். பொரிக்காமல் குழம்பு வையுங்கோ. மீன் இல்லாத நாளில் அவித்த பயறு, கௌபி, முட்டை. இவற்றிலுள்ள புரதம்தான் தசையைக் காக்கும், பசியையும் தள்ளிப்போடும். மற்றக் கால்வாசிதான் சோறோ புட்டோ.

முழங்கால் நோவோடு ஓடத் தொடங்காதேங்கோ, நடவுங்கோ. டச்சுக்குடாக் கடற்கரையின் காய்ந்த மணலில் கால் புதையும், சரிவும் உண்டு. அது உங்கள் முழங்காலுக்கு ஆகாது. உட்துறைமுக வீதி போல மட்டமான தெரு நல்லது. பத்து நிமிடத்தில் தொடங்கி, கிழமைக்கு ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம் வரை கூட்டுங்கோ. கச்சான் வீசும் மாதங்களில் விடியப்புறம் வெயில் ஏற முன்னம் முடித்துவிட வேண்டும். மாரியில் விறாந்தையிலேயே நடக்கலாம். கூடவே கதிரையில் இருந்து கையூன்றாமல் எழும்பி இருங்கோ, பத்துத் தடவை. நோவு கூடினால் உயரமான கதிரை எடுங்கோ. தொடைத் தசை பலத்தால் முழங்கால் தாங்கும். உங்களில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு ஏறக்குறைய நாலு கிலோ பாரம் குறைகிறது. கோட்டை வாசலால் கோணேசர் கோயிலுக்கு ஏறும் ஏற்றத்தைப் பிறகு பார்ப்போம்.

முதல் இலக்கு 74 கிலோ. கிழமைக்கு அரைக் கிலோ போதும். அந்த நாலு கிலோவே சீனிக்கும் பிறசருக்கும் நல்லது செய்யும். கிழமைக்கு ஒரு தடவை, காலையில், வெறும் வயிற்றில் நிறை பாருங்கோ. அதற்கு முன் வைத்தியரிடம் சீனி, பிறசர், தைரொயிட் மூன்றையும் பார்த்துவிடுங்கோ. ஏற்கெனவே சீனிக்கு மருந்து எடுக்கிறவர் என்றால் வைத்தியரைக் கேளாமல் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது.

மாமி விஷயம். "குறைச்சுப் போடுங்கோ" என்று சாப்பிட இருந்த பிறகு சொன்னால், சமைத்தவவுக்கு நோகத்தான் செய்யும். சமைக்க முன்னம் குசினிக்குள் போங்கோ. "மாமி, முழங்கால் நோவுக்கு நிறை குறைக்கச் சொல்லினம், முருங்கை இலை போட்டுப் புட்டு அவிப்பமே?" என்று கேட்டு, இலையை நீங்களே உருவிக் கொடுங்கோ. வெள்ளிக்கிழமை பத்திரகாளி அம்மன் கோயிலுக்கு, அவவுக்கும் ஏலுமென்றால், ஓட்டோ பிடிக்காமல் இரண்டு பேருமாக நடந்து போங்கோ.